மூன்று ஊர்களுக்கும் ஒரே சிக்னல் பராமரிப்பு: இரண்டரை ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

எங்கள் பட்டறைக்கு நேர் எதிரே நான்கு சாலைகள் சந்திக்கின்றன. பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் தொழிலில் இருபத்தாறு ஆண்டுகளாக அதே இடத்தில் இருப்பதால், அந்தச் சந்திப்பின் சிக்னல் எரிந்த நாள்களையும் அணைந்து கிடந்த நாள்களையும் கண் முன்னே பார்த்து வந்திருக்கிறேன். எங்கள் நகராட்சியும், அதை ஒட்டி வளர்ந்து இன்று எல்லை எங்கே என்றே தெரியாத அளவுக்கு வீடுகளால் கலந்துவிட்ட இரண்டு பேரூராட்சிகளும் சேர்ந்து, தங்கள் பகுதியிலுள்ள 11 சிக்னல்களையும் பராமரிக்கும் வேலையை ஒரே ஒப்பந்ததாரரிடம் மூன்று ஆண்டுகளுக்கு ஒப்படைத்திருக்கின்றன. அதில் இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்டன. புதுப்பிப்பதா, மறுபடி ஒப்பந்தப்புள்ளி கோருவதா என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. தினமும் அந்தச் சிக்னலைக் கடப்பவன் என்ற முறையிலும், மின்சார வேலை ஓரளவு அறிந்தவன் என்ற முறையிலும் இந்தச் சேவையை மதிப்பிட்டு எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களையும் ஒப்பந்ததாரரின் பெயரையும் குறிப்பிடவில்லை. கொங்கு நாட்டில் இப்படி ஒட்டிக் கிடக்கும் சிறு ஊர்கள் பல இருப்பதால், ஏற்பாட்டின் நிறைகுறைகள் அவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே என் நோக்கம்.

முந்தைய நிலையைச் சொல்லாமல் இந்தச் சேவையின் அருமை விளங்காது. எங்கள் பக்கத்துச் சிறு நகரங்களில் பல சிக்னல்கள் உபயமாக வந்தவை. ஒரு நகைக்கடையோ ஜவுளிக்கடையோ செலவை ஏற்றுக் கம்பம் நட்டு, அதன் மேல் தன் விளம்பரப் பலகையை மாட்டிக்கொள்ளும். பலகைக்கான உடன்பாடு நடப்பில் இருக்கும் வரை விளக்குகளும் எரியும். உடன்பாடு முடிந்த பிறகு, சிக்னலை இயக்குவது காவல் துறை, கம்பம் நிற்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது, மின் கட்டணம் நகராட்சியின் கணக்கில், பெட்டிக்குள் இருக்கும் கருவி உபயதாரர் அமர்த்திய நிறுவனத்தினுடையது என்று நான்கு கைகளில் பொறுப்பு பிரிந்து நிற்கும். எங்கள் சந்திப்பில் ஒருமுறை பெட்டி பழுதாகி 19 நாள்கள் சிக்னல் இல்லாமல் இருந்தது. அந்த நாள்களில் காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனி வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் நான்கு திசையிலிருந்தும் ஒன்றையொன்று முட்டி நிற்க, பட்டறைப் பையன்கள் இருவரை நானே அனுப்பிக் கை காட்டச் சொன்னேன்.

ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து வாங்கிப் படித்தேன். மூன்று மன்றங்களும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றி, மூவர் சார்பிலும் நகராட்சியே தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-க்கு உட்பட்டு ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறது. ஆண்டுக்கான நிலையான கட்டணத்தை ஒவ்வோர் ஊரிலும் இருக்கும் விளக்குத் தலைகளின் (சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் சேர்ந்த விளக்குத் தொகுதிகளின்) எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்கிறார்கள். லாரி இடித்துக் கம்பம் சாய்வது போன்ற தனிச் செலவுகள் அந்தந்த ஊரின் கணக்கில் சேரும். சிக்னல் முழுதாக அணைந்தால் நான்கு மணி நேரத்துக்குள்ளும், ஒற்றை விளக்கு போனால் 24 மணி நேரத்துக்குள்ளும் ஆள் வர வேண்டும். உபயமாக வந்த காலத்தில் விளக்குகளை முறைவைத்து எரியச் செய்யும் கன்ட்ரோலர் பெட்டிகள் நான்கு விதமாக இருந்தன. முதல் ஆறு மாதத்துக்குள் அனைத்தையும் ஒரே வகைக்கு மாற்ற வேண்டும் என்றொரு நிபந்தனையும் அதில் இருக்கிறது. படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிபந்தனைதான். கூட்டாகச் சேர்வதன் பலன் முழுவதும் அதைச் சார்ந்தே இருக்கிறது.

காரணம் எளியது. ஒரே ஒரு சிக்னல் வைத்திருக்கும் பேரூராட்சி, என்றோ ஒருநாள் பழுதாகும் என்பதற்காக மாற்றுக் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க முடியாது. வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும். பதினொரு சிக்னலுக்கு ஒரு மாற்றுப் பெட்டியும் அதற்குள் பூட்டும் சில மின்சுற்று அட்டைகளும் பத்திருபது எல்.இ.டி. தட்டுகளும் இருப்பு வைப்பது ஒப்பந்ததாரருக்கு எளிது, ஏனென்றால் பதினொன்றும் ஒரே நாளில் பழுதாகப் போவதில்லை. ஒரே வகைப் பெட்டி என்றால்தான் அந்த ஒரு மாற்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆளுக்கும் இதே கணக்குதான். ஒரு சிக்னலுக்காக ஒரு மெக்கானிக்கை யாரும் சம்பளத்துக்கு வைத்திருக்க மாட்டார்கள். பதினொன்று என்றால் உள்ளூரிலேயே ஒருவர் தங்கி வேலை பார்க்க முடிகிறது. எங்கள் ஒப்பந்ததாரரின் மெக்கானிக் மூன்று ஊருக்கும் நடுவே வாடகை வீட்டில் இருக்கிறார், இரு சக்கர வண்டியில் ஏணியோடு வருகிறார்.

இது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் தண்ணீரைத்தான் கொங்கு நாட்டின் எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன. திருப்பூரில் சாயப்பட்டறைகள் தனித்தனியே செய்ய இயலாத வேலையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகச் சேர்ந்து செய்கின்றன. சிக்னல் விஷயத்தில் இந்த வழியில் வெகுதூரம் போன ஊர்கள் வெளிநாட்டில் உண்டு. லண்டனில் பரோ எனப்படும் 32 வட்டார மன்றங்களும் நகரின் நடுவே 'சிட்டி' எனப்படும் பகுதியும் தனித்தனி உள்ளாட்சிகளாக இருந்தும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிக்னல்களை ஒரே போக்குவரத்து அமைப்புதான் பார்த்துக்கொள்கிறது; மான்செஸ்டர் வட்டாரத்தின் பத்து மன்றங்களும் அப்படியே. அங்கே பழுது பார்ப்பதோடு, எந்தச் சாலைக்கு எத்தனை விநாடி பச்சை என்று தீர்மானிப்பதும் அந்த ஒரே அமைப்பின் கையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பழுது பார்க்கும் வேலையைப் பொறுத்தவரை இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சென்ற சித்திரையில் ஒரு மாலை, கோடை மழையோடு இறங்கிய இடியில் எங்கள் சந்திப்பின் கன்ட்ரோலர் அட்டை கருகிவிட்டது. 6.40 மணிக்கு அழைத்தேன். 8.15-க்கு மெக்கானிக் வந்தார். அட்டையை மாற்றி, மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் பாதுகாப்புப் பொருளையும் புதிதாகப் பூட்டி, ஒன்பது மணிக்கெல்லாம் நான்கு பக்கமும் எரிய வைத்துவிட்டார். 19 நாள் எங்கே, இரண்டு மணி இருபது நிமிடம் எங்கே!

அவருடைய வேலையில் நான் கவனித்த இன்னொரு நேர்த்தி, சிவப்பு விளக்குக்கு அவர் தரும் முதன்மை. பச்சை விளக்கு போனால் வண்டிகள் தயங்கி நிற்கும், நேரம் வீணாகும், அவ்வளவுதான். சிவப்பு போனால் ஓட்டுபவர் எதுவும் எரியவில்லை என்று நினைத்து நேராக வந்துவிடுவார்; குறுக்கே வருபவருக்கோ பச்சை எரிந்துகொண்டிருக்கும். அதனால் நல்ல கன்ட்ரோலர் என்றால் சிவப்பில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்காணித்து, அது நின்றவுடன் நான்கு பக்கமும் மஞ்சளை விட்டுவிட்டு எரியும் நிலைக்குச் சந்திப்பைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு குறுக்குச் சாலைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழுந்தாலும் அப்படியே. இந்தப் பாதுகாப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போக்குவரத்து குறைந்த விடியற்காலையில், சிவப்பு வயரைக் கழற்றிப் பார்க்கிறார். ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், எழுதியதைச் செய்யும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம். எல்.இ.டி. தட்டில் பல சிறு விளக்குகள் வரிசை வரிசையாக இணைந்திருக்கும். ஒரு வரிசை போனால் வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் தெரியும். பழைய நாளில் முக்கால் வட்டம் கறுக்கும் வரை விட்டுவைப்பார்கள். இப்போது கால் வட்டம் கறுத்தாலே தட்டு மாறிவிடுகிறது.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்று கம்பத்தில் தொங்கும் விளக்குத் தலைகளை மெல்ல மெல்லத் திருப்பிவிடும்; மேற்கேயிருந்து வருபவருக்குக் காட்ட வேண்டிய சிவப்பு, வடக்கேயிருந்து வருபவரின் கண்ணில் படும். முதலாண்டில் இதை யாரும் எதிர்பார்க்காததால் ஒரு வாரம் குழப்பம் நேர்ந்தது. அடுத்த ஆண்டு வைகாசி கடைசியிலேயே பதினொரு இடத்திலும் போல்ட்டுகளை இறுக்கி, தலைக்குப் பின்னால் குறுக்குப் பட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். ஓர் ஊரில் கண்ட பாடம் மற்ற இரண்டு ஊர்களுக்கும் உடனே போய்ச் சேர்ந்ததைக் கூட்டு ஒப்பந்தத்தின் நேரடிப் பலனாகவே கருதுகிறேன்.

குறைகளில் முதலாவது, பணம் கொடுக்கும் முறை. நகராட்சி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பேரூராட்சிகளிடம் பின்னர் வசூலித்துக்கொள்வதாக எழுதாமல், மூவரும் தனித்தனியே ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பதாக எழுதிவிட்டார்கள். வருமானம் குறைந்த ஒரு பேரூராட்சி இரண்டு காலாண்டுத் தொகையைப் பாக்கி வைத்தபோது, அந்த ஊரின் வேலைகள் மட்டும் தாமதமாயின. ஆனால் அந்த ஊரின் சிக்னலைக் கடப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நகராட்சியிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். எல்லையில் இருக்கும் சந்திப்புக்கும் இதே சிக்கல் வந்தது. அங்கே நான்கு கம்பங்களில் இரண்டு நகராட்சியில், இரண்டு பேரூராட்சியில். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் நிலத்தடி வயரை அறுத்துவிட்டபோது, வயர் எந்த ஊரின் மண்ணில் அறுந்தது என்று அளந்து பார்க்கவே மூன்று நாள்கள் போயின. எல்லைச் சந்திப்புகளின் தனிச் செலவைப் பாதிப்பாதி என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அந்த மூன்று நாள்கள் மிஞ்சியிருக்கும்.

சூரிய மின்தகட்டில் இயங்கும் இரண்டு சிக்னல்களின் பேட்டரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுக்கு மாதந்தோறும் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது ஒப்பந்தத்தில் உண்டு, ஆயுள் முடிந்த பேட்டரியை மாற்றுவது இல்லை. சில ஆண்டுகளில் பேட்டரி தேயும் என்பது தெரிந்த செய்தி. அதை விட்டுவிட்டது தவறு.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. என் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறு.

எங்கள் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் பல கூட்டுக் கிணறுகளிலிருந்து வருபவை. நான்கு பங்காளிகளுக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். காயில் கருகினால் கூலியை நிலத்தின் அளவுப்படி பகிர்ந்துகொள்வதில் பெரிதாகச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் தென்னையை எடுத்துவிட்டு மஞ்சள் போட்டுத் தண்ணீர்த் தேவை மாறும்போது, பழைய முறையை யார் மாற்றி எழுதுவது என்பதில்தான் பேச்சு நின்றுபோகும். சிக்னலும் முறை வைப்பதுதான். சாலைக்குச் சாலை நேரத்தைப் பகிர்ந்து கொடுப்பதற்காகவே அந்தப் பெட்டி இருக்கிறது. எங்கள் மூன்று ஊர்களும் மோட்டார் கூலியைப் பகிர்ந்துகொள்ளத் தெளிவாக ஒப்பந்தம் எழுதியிருக்கின்றன. முறையை யார் மாற்றுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் சந்திப்பில் எல்லாச் சாலைகளுக்கும் முறை வந்து முடியும் ஒரு சுற்றுக்கு 120 விநாடி. இது காலை எட்டரைக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒன்றே. கிழக்குப் பக்கம் வயலாக இருந்த காலத்தில் வைத்த கணக்கு. இன்று அங்கே வீட்டுமனைகளும் ஒரு பள்ளியும் ஓர் அரசு மருத்துவமனையும் வந்துவிட்டன. மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கடக்க வேண்டிய சாலையின் அகலம் 18 மீட்டர். இந்திய சாலைப் பேராயத்தின் சிக்னல் வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 93, நடப்பவரின் வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் 15 விநாடி போதும், கிடைப்பதும் 15 விநாடிதான். முழங்கால் வலியோடு மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மா விநாடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டார். அவருக்கு 22 விநாடிக்கு மேல் வேண்டும். ஏழு விநாடி குறைவதால், அவர் நடுச்சாலைக்கு அப்பால் இருக்கும்போதே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புகின்றன. நாள்தோறும் இதைப் பட்டறை வாசலில் நின்று பார்க்கிறேன்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "அண்ணா, பத்து நிமிச வேலைங்க, கீபேட்ல மாத்திடலாம். ஆனா டைமிங்கை நாங்க தொடக் கூடாதுங்க, லெட்டர் வேணுங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. லெட்டர் யார் தருவது என்று மட்டும் அதில் இல்லை. ஓர் அலுவலகத்தில் மற்றோர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால் சாலைக்கு உரிய துறையின் கருத்து வேண்டும் என்றார்கள். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள், எவரும் மறுக்கவில்லை. ஐந்து மாதங்களாகியும் அந்த ஏழு விநாடி கிடைக்கவில்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பக்தர்கள் எங்கள் சந்திப்பு வழியாகத்தான் போகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் சிக்னல் மஞ்சளில் மட்டும் விட்டுவிட்டு எரியும் நிலைக்குப் போய்விடும். காவடியோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்காக வண்டிகளை நிறுத்தித் தரும் சிவப்பு அப்போது இல்லை. அந்தப் பத்து இரவுகளுக்கு மட்டும் முழுச் சிக்னலை ஓட விடுங்கள் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்கிறோம். சென்ற தையில் வளைவில் திரும்பிய ஒரு சரக்கு வண்டி உரசி, வயதான பக்தர் ஒருவர் கீழே விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு பிழைத்தார். பட்டறைத் திண்ணையில் உட்கார வைத்துக் கட்டுப் போட்டவன் நான். மறுநாள் இரவும் அதே மஞ்சள்தான்.

சிக்னலே வேண்டாம், கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்ததுபோல் வைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நடுத்திட்டும் அகலமும் உள்ள பெரிய சாலையில் அது வண்டிகளின் காத்திருப்பைக் குறைக்கும். எங்கள் சாலைகள் குறுகலானவை. அதோடு, நடப்பவர் கடப்பதற்காக யூ டர்ன் வண்டிகளை நிறுத்தித் தருவதில்லை.

புதுப்பிக்கும்போது நான் எதிர்பார்ப்பது இதுதான். மூன்று ஊர்களின் பொறியாளர்களும் போக்குவரத்துக் காவல் அலுவலரும் நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளரும் காலாண்டுக்கு ஒருமுறை கூடி நேர மாற்றங்களை முடிவு செய்ய வேண்டும். அவர்கள் கையொப்பமிட்ட ஒரே தாள் மெக்கானிக்குக்குப் போதுமானது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணுவது ஒப்பந்ததாரரின் கடமையாக வேண்டும். எண்ணிக்கை இருந்தால் சுற்று நேரத்தைக் கணக்கிடுவது கடினம் அல்ல. 1958-இல் இங்கிலாந்தின் வெப்ஸ்டர் வகுத்த சூத்திரத்தை இன்றும் நம் பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள், அதை அறிந்த மாணவர்கள் பக்கத்துக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். கூடுதல் செலவு என்று சொல்வார்கள். செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளத்தானே கூட்டாகச் சேர்ந்தோம்!

நேர ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை இன்றைய சேவைக்கு ஐந்துக்கு ஒன்றுதான் தர முடியும். அந்த மதிப்பெண் மெக்கானிக்குக்கோ ஒப்பந்ததாரருக்கோ உரியது அல்ல, ஒப்பந்தத்தை எழுதியவர்கள் விட்டுவிட்ட வரிக்கு உரியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தனித்தனி ஒப்பந்தத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன்.

பழுதை அறிவிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அழைக்க வேண்டிய எண் ஒவ்வொரு கன்ட்ரோலர் பெட்டியின் கதவிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே பெட்டியின் எண்ணும் இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்வதைவிடப் பெட்டி எண்ணையும், எந்தத் திசைக் கம்பத்தில் எந்த நிறம் எரியவில்லை என்பதையும் சொன்னால், மெக்கானிக் சரியான தட்டோடு ஒரே நடையில் வந்துவிடுவார். அழைத்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரமா, ஐந்து மணி நேரமா என்று பின்னர் நகராட்சி கேட்கும்போது, எங்கள் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் நான் குறித்து வைத்ததைத்தான் இரண்டு முறை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்.